திரூர் நெல்லின் செனகல் பேரன்

பொத்தேரியில் ரயிலை விட்டு இறங்கினால் பல்கலைக்கழகமும் அடுக்குமாடிகளும்தான் கண்ணில் படும். ஆனால் இது சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டம் சொல்லி நெல் விதைத்த ஏரிப்பாசனச் செங்கல்பட்டு ஜில்லா. திருவள்ளூர்ப் பக்கத்துத் திரூரும் 1997 வரை இதே ஜில்லாதான். அங்கே அரசு நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஜி.இ.பி. 24 எனப்பட்ட கிச்சிலிச் சம்பாவையும் கோ 18-ஐயும் கலந்து, 1952-இல் டி.கே.எம். 6 என்ற ரகத்தை அது வெளியிட்டது.

விவசாயிக்கு அரசு என்ன செய்தது என்றால் இலவச மின்சாரம், மானியம், கடன் தள்ளுபடி என்று விரல் மடக்குவோம். விதை அந்தக் கணக்கில் ஏறுவதே இல்லை. அது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

இரண்டு நெல்லைக் கலப்பது லேசுப்பட்ட வேலையல்ல. நெற்பூ ஆணும் பெண்ணும் ஒன்றாய் அமைந்தது. காலையில் விரிந்து ஒரு மணி நேரத்துக்குள் மூடிக்கொள்ளும், தன்னைத்தானே சூல்கொள்ளும். எனவே அது விரியுமுன்பே உமியின் நுனியைக் கத்தரித்து, உள்ளிருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். ஒன்று தங்கினாலும் போச்சு. பிறகு காகித உறை மாட்டி, மறு ரகத்தின் கதிரைக் கொண்டுவந்து அதன்மேல் உதறுவார்கள். மணி பிடித்தபின் தலைமுறை தலைமுறையாக விதைத்துக் கழித்துக்கட்டினால்தான் ஒரு ரகம் தேறும்.

பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966-இல் தந்த ஐ.ஆர். 8 அள்ளிக் கொடுத்தது. பூச்சிக்கும் நோய்க்கும் ஈடுகொடுக்கவில்லை. குருத்துப்பூச்சியைத் தாங்கும் டி.கே.எம். 6-ஐ அங்கே பெற்றோராக்கினார்கள். 1969-இல் வந்தது ஐ.ஆர். 20. நம் வீடுகளில் அது பொங்கிய காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இலைக்கருகல் நோயை எதிர்க்கும் மரபணு ஒன்றும் திரூர் வழியாகவே அதற்குள் போனது. புகையான் பூச்சி அதையும் சாய்த்தபோது, 1976-இல் ஐ.ஆர். 36 வந்தது, அதிலும் திரூர் ரத்தம் உண்டு.

ஐ.ஆர். 36-ஐயும் இலங்கையின் பாபவீ நெல்லையும் முன்னோராகக் கொண்ட ஒரு வகையை மேற்கு ஆப்பிரிக்க நெல் ஆராய்ச்சியாளர்கள் தேர்ந்தெடுத்தார்கள். செனகல் அரசு அதை 1994-இல் சாஹெல் 108 என்று வெளியிட்டது. செனகல் ஆற்றுப் பள்ளத்தாக்கு அணைநீரை நம்பிய பூமி. சீக்கிரம் விளையும் ரகம் இருந்தால் ஆண்டுக்கு இரு போகம் எடுக்கலாம். சாஹெல் 108 அங்கே வேரூன்றியது அதனால்தான்.

நடந்தது ஒருவழிப் போக்குவரத்தல்ல. இலைக்கருகல் கிருமி மாறி மாறித் தாக்க, திரூர் மரபணு மட்டும் போதாமல் போயிற்று. செனகலின் அண்டை நாடான மாலியின் காட்டு நெல்லொன்றில் அதைவிட வலுவான எதிர்ப்பு மரபணு கிடைத்தது. நாம் ஆந்திரா பொன்னி என்று வாங்குகிற சம்பா மசூரிக்குள் அதையும் வேறு இரு மரபணுக்களையும் ஹைதராபாத் அரசு விஞ்ஞானிகள் புகுத்தினார்கள். மேம்படுத்திய அந்த ரகம் 2008-இல் வெளியானது.