ஒரே ஆளை எட்டு முறை எண்ணிய கதை

2011 சென்சஸின் சி-16 என்கிற தாய்மொழி அட்டவணையை எக்செல்லில் இறக்கி, எல்லா எண்களையும் ஒரே காலத்தில் போட்டுக் கூட்டிப் பார்த்தேன். இந்தியாவின் மக்கள்தொகை 968 கோடிக்குப் பக்கத்தில் வந்தது! உண்மையான கணக்கு 121 கோடி. எங்கே போனது என் கணக்கு?

தப்பு அட்டவணையில் இல்லை. அது கண்ணால் படிக்கத் தயாரித்தது, அதனால் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று அடுக்கு இருக்கிறது. மொழிக்கு ஒரு வரி, அதன் கீழ் அதில் அடங்கும் தாய்மொழிகள். மொத்தம், பக்கத்திலேயே கிராமம், நகரம். நபர்கள், பக்கத்திலேயே ஆண், பெண். ஒவ்வொரு அடுக்கிலும் ஒரே ஆள் இரண்டு தடவை வருகிறார். 2 × 2 × 2 = 8. அவ்ளோதான் விஷயம்.

இதைப் பவர் குவெரியில் இப்படிச் சரி செய்தேன்.

முதலில் தலைப்பு. "மொத்தம்" என்ற செல் மூன்று காலத்துக்கு மேல் விரிந்திருக்கும். உள்ளே இறக்கினால் முதல் காலத்தில் மட்டும் பெயர், மற்ற இரண்டும் நல். டிரான்ஸ்போஸ் செய்து, ஃபில் டவுன் கொடுத்து, இரண்டு தலைப்புக் காலங்களையும் மெர்ஜ் செய்து, திரும்ப டிரான்ஸ்போஸ் செய்தால் "கிராமம்|பெண்" மாதிரி ஒரே வரித் தலைப்பு கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: ஃபில் டவுன் நல்லை மட்டும்தான் நிரப்பும். வெறும் காலி எழுத்தாக இருந்தால் கண்டுகொள்ளாது. முதலில் ரீப்ளேஸ் வேல்யூஸ் மூலம் நல்லாக மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்தது வரிகள். இந்தியின் குறியீடு 006000. இப்படி 000 என்று முடிந்தால் அது மொழி, இல்லையென்றால் அதன் கீழுள்ள தாய்மொழி. பவர் குவெரி தானாகவே இதை எண்ணாக மாற்றி முன்னால் உள்ள சைபர்களைத் தின்றுவிடும். அந்த ஸ்டெப்பை நீக்கி டெக்ஸ்ட்டாகவே வையுங்கள். பிறகு புதிய காலம் ஒன்று: 000 என்று முடிந்தால் மொழிப் பெயர், இல்லாவிட்டால் நல். அதற்கும் ஃபில் டவுன். இப்போது ஒவ்வொரு தாய்மொழிக்கும் பக்கத்தில் அதன் மொழி நிற்கும். 000 வரிகளை ஃபில்டரில் எடுத்துவிடலாம்.

கடைசியாக, பெயர்க் காலங்களைத் தேர்ந்தெடுத்து அன்பிவட் அதர் காலம்ஸ். தலைப்பை "|" குறியில் பிரித்து, "மொத்தம்", "நபர்கள்" இரண்டையும் நீக்கினால், ஒரு ஆள் ஒரு தடவைதான் வருவார்.

தாய்மொழி வரிகளைத் தூக்கிவிட்டு மொழி வரிகளை மட்டும் வைத்துக்கொண்டால் சுலபம்தானே என்று கேட்கலாம். கூட்டுத்தொகை சரியாகவே வரும். ஆனால் இந்தி 52.83 கோடி என்பதோடு கதை முடிந்துவிடும். தாய்மொழி "இந்தி" என்று பதிவானவர்கள் 32.22 கோடிதான். மீதியில் போஜ்புரி மட்டுமே 5.06 கோடி, ராஜஸ்தானி 2.58 கோடி. எந்த அடுக்கை வைத்துக்கொள்கிறோம் என்பது வெறும் டெக்னிக்கல் முடிவு இல்லை. யார் கண்ணுக்குத் தெரிவார்கள், யார் மறைந்துபோவார்கள் என்பதையும் அதுவே முடிவு செய்கிறது.

சரிபார்க்க ஒரு வழி: முடித்ததும் தமிழை மட்டும் கூட்டிப் பாருங்கள். 6,90,26,881 வரவேண்டும். வராவிட்டால் யாரையோ இரண்டு தடவை எண்ணியிருக்கிறீர்கள், இல்லை விட்டுவிட்டீர்கள்.