கவண்டி பாஷையில் நம் வீட்டுச் சுவர்

புனேயில் குடியேறிய நம்மவர்கள் மண்டையில் மராத்தியில் பேரம் பேசிக் காய்கறி வாங்குகிறார்கள், ரிக்‌ஷாக்காரரிடம் வாதாடி ஜெயிக்கவும் செய்கிறார்கள். ஆனால் வீட்டில் கொத்து வேலை என்று வந்துவிட்டால், புரிந்தும் புரியாமலும் தலையாட்டிக்கொண்டு நிற்கிறோம். பணம் கரைவது அங்கேதான். ரயில்வேயில் கட்டடப் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் சுவர்களோடு குடித்தனம் நடத்தியவன் என்ற உரிமையில் சில வார்த்தைகளைச் சொல்லி வைக்கிறேன்.

கொத்தனார் இங்கே ‘கவண்டி’. சுவர்ப் பூச்சு ‘கிலாவா’. கரணையைத் ‘தாபி’ என்பார்கள். தூக்குக்குண்டு ‘ஓளம்பா’, மராத்தியிலும் நம்மைப் போல ‘ள’ உண்டு என்பதால் நம் நாக்குக்குச் சிரமமில்லை. மணியாசுக்கட்டை ‘ரந்தா’. பூச்சின் கனம் ஒரே சீராக வருவதற்கு நம் ஊரில் ‘புல் மார்க்’ வைக்கிறோமே, அது இங்கே ‘டிய்யா’. டிய்யா வைக்காமல் கவண்டி பூச ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள். சுவர் அலை அலையாக வரும். அலமாரியைச் சுவரோடு ஒட்டி நிறுத்தும் அன்றுதான் அது உங்கள் கண்ணில் படும்.

அடுத்தது ‘நீரு’. “நீரு மாரூ க்யா?” என்று கவண்டி கேட்க, ஒரு மாமி செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த கதை நம் வட்டாரத்தில் பிரசித்தம். அது நீரல்ல. நீற்றிச் சலித்த சுண்ணாம்பு. சிமெண்ட் பூச்சின்மேல் மெல்லிசாக இழைப்பது. நம் ‘நீறு’ என்று நினைத்துக்கொண்டால் மறக்காது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கட்டிய புனே ஃபிளாட்டுகளின் உட்சுவரைச் சுரண்டிப் பாருங்கள். சுமார் 12 மில்லிமீட்டர் சிமெண்ட் பூச்சு, அதன்மேல் நீரு என்றுதான் பெரும்பாலும் இருக்கும். வெளிச்சுவருக்கு ‘சேண்ட்ஃபேஸ்’: இரண்டு கோட்டாக மொத்தம் 20 மில்லிமீட்டர் அளவில், மணல் தெரியும்படி சொரசொரப்பாக விடுவது.

இப்போது நீருவின் இடத்தை பி.ஓ.பி.யும் ஜிப்சமும் பிடித்துக்கொண்டன. இரண்டும் சுட்ட ஜிப்சக் கல்லின் மாவுதான். பி.ஓ.பி.யை வழக்கமாகச் சிமெண்ட் பூச்சின்மேல் மெழுகுவார்கள். ஜிப்சம் பூச்சை நேராகச் செங்கல்மேலேயே போடலாம். சிமெண்ட் பூச்சுக்குக் குறைந்தது ஏழு நாள் தண்ணீர் காட்டவேண்டும். இவற்றுக்கு அது தேவையில்லை. தேவையில்லை என்பது மட்டுமல்ல, இறுகிய பின்பு தண்ணீர்தான் இவற்றுக்கு விரோதி. குளியலறையிலோ வெளிச்சுவரிலோ ஜிப்சம் போடலாம் என்று ஒருவர் சொன்னால், அவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இதில் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு. நம் அன்பர் ஒருவர் வீட்டில் மேற்குப் பார்த்த படுக்கையறைச் சுவரில் ஓதம். மராத்தியில் இதை ‘ஓல்’ என்பார்கள். பெயர்ந்து விழும் செதில்கள் ‘போப்டே’. காண்ட்ராக்டர் “புதுசாகப் பிளாஸ்டர் செய்து தருகிறேன்” என்றார். நம்மவர் பிளாஸ்டர் என்றால் கிலாவா என்று எடுத்துக்கொண்டார். காண்ட்ராக்டரோ ஈரச் சுவரின்மேலேயே பி.ஓ.பி. மெழுகி, பெயிண்ட் அடித்து, பணத்தையும் வாங்கிக்கொண்டார். பெண்ணின் கல்யாணத்துக்காகச் செய்த வேலை. அடுத்த ஆடி மாதத்துக்குள் அவ்வளவும் உப்பிக்கொண்டு வந்தது. முழுச் செலவும் இரண்டாம் தடவை.

முறை என்ன என்றால், முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவேண்டும். வெளிச்சுவர் விரிசலா, குழாயா, மொட்டைமாடியா? அதை அடைத்த பிறகு, சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வாருங்கள். ‘போகள்’ என்றால் பொள்ளல். சத்தம் மாறும் இடம் முழுவதையும் செங்கல் தெரியக் கொத்தி எடுத்து, உலரவிட்டு, சிமெண்ட் கிலாவா பூசி, அதுவும் காய்ந்த பின்தான் மேல்மெழுகு. கான்கிரீட் உத்தரமும் செங்கல்லும் சேரும் இடத்தில் கோழிவலைக் கம்பி வைத்துப் பூசச் சொல்லுங்கள். இரண்டும் வெயிலில் ஒரே மாதிரி விரிவதில்லை. வலை இல்லாவிட்டால் கோடு போட்ட மாதிரி விரிசல் வரும்.

பேட்டைப் பக்கத்துப் பழைய வாடாக்களில் குடியிருப்பவர்களுக்கு இது பொருந்தாது. இரண்டாம் பாஜிராவ் 1807-ல் கட்டிய விஷ்ராம்பாக் வாடாவின் காலத்து வேலையெல்லாம் சுண்ணாம்புக் காரை. மராட்டியக் கோட்டைகளில் சுண்ணாம்பு அரைத்த வட்டக் ‘காணா’வை, நம் செக்கைப் போன்றது, இன்றும் காணலாம். அந்தச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு உப்புப் பூக்கும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான் என்பது என் கட்சி.

கடைசியாக அளவு. நம் ஊரில் மணல் ‘யூனிட்’ கணக்கு, இங்கே ‘பிராஸ்’. இரண்டும் 100 கன அடிதான். ஆனால் பூச்சு வேலையில் பிராஸ் என்றால் 100 சதுர அடி. ரேட் பேசும்போது எந்தப் பிராஸ் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஜன்னல், கதவுகளைக் கழிப்பதற்கு ஐ.எஸ். 1200-ல் விதி இருக்கிறது: அரை சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்குக் கழிவு கிடையாது, அதற்குமேல் 3 சதுர மீட்டர் வரை, இருபக்கமும் ஒரே பூச்சானால், ஒரு பக்கத்துக்கு மட்டும் கழிவு. சாதாரணக் கதவு இந்தக் கணக்கில் வரும். கதவையும் சுவராக எண்ணிப் பில் போட்டிருந்தால், டேப்பை எடுத்துக்கொண்டு காண்ட்ராக்டரோடு ஒரு சுற்று வாருங்கள்.