மெழுகும் கணிப்பொறியும்

மாந்தோப்புகள் சூழ்ந்த முதலமடையில் வாழும் தமிழராகிய நாம், கோயிலில் உலோகத் திருமேனியைத் தொழும்போது அது உருவான விதத்தை எண்ணியதுண்டோ? சுவாமிமலை ஸ்தபதியர் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் சமைத்து, காவிரி வண்டல் மண்ணால் மூடுவர். சூட்டில் மெழுகு உருகி வெளியேறும். அவ்விடத்தை உலோகக் குழம்பு நிரப்பும். மண் அச்சை உடைத்தே திருமேனியை எடுப்பர். ஆதலின் அடுத்ததற்கு மீண்டும் மெழுகிலிருந்தே தொடங்கவேண்டும். 2023ஆம் ஆண்டு தில்லியில் நிறுவப்பெற்ற 27 அடி நடராசர் திருமேனியும் இம்முறையிலேயே வார்க்கப்பெற்றது.

இன்றோ, உருவத்தைக் கணிப்பொறியில் வரைந்து சேமித்தால், முப்பரிமாண அச்சுப்பொறி மெழுகை மெல்லிய படலங்களாக அடுக்கி, அவ்வுருவை வேண்டியபோதெல்லாம் தரும். நகைத்தொழிலில் இது பரவிவிட்டது. எனினும், உறுப்புகளுக்குரிய தாள அளவை வகுப்பதும், உளியால் கண் திறப்பதும் ஸ்தபதியின் கைத்திறனே. பொறி பயிலும் நம் இளைஞர் அத்தாள அளவையும் பயில்வாராயின், இக்கலை தழைக்கும்.