பகலில் நிற்கும் கட்டில்

பத்தடிக்குப் பத்தடி அறையில் இருப்பது 100 சதுர அடி. ஆறேகால் அடி நீளமும் ஐந்தடி அகலமுமான இரட்டைக் கட்டிலைப் போட்டால் 31 சதுர அடி போய்விடும். பீரோவுக்கும் மேஜைக்கும் கதவு திறப்பதற்கும் விட்டது போக மிஞ்சுவது, ஒருவர் பின் ஒருவராக நடக்கும் ஒரு சந்து. இத்தனைக்கும் அந்தக் கட்டில் நாளின் பெரும்பகுதி சும்மாதான் கிடக்கிறது. சிறிய அறையை அலங்கரிக்கக் கிளம்புகிறவர்கள் பெயிண்டிலும் திரைச்சீலையிலும் பணத்தைப் போடுகிறார்கள். வெளிர் நிறம் அடித்தால் அறை பெரிதாகத் தெரியும், உண்மைதான். ஆனால் நாற்காலி போட இடம் தருவது பெயிண்ட் அல்ல. அதற்குக் கட்டிலில்தான் கைவைக்க வேண்டும்.

கட்டிலை நிமிர்த்திச் சாத்துவது நமக்குப் புதிதில்லை. கயிற்றுக் கட்டிலை விடிந்ததும் தூக்கிச் சுவரோரம் நிறுத்துவது கிராமத்து வழக்கம். பாய் இன்னும் ஒரு படி மேல். சுருட்டினால் ஒரு மூலை போதும். மெத்தை, சட்டம், பலகை எல்லாவற்றோடும் ஐம்பது கிலோவை ஒரே ஆள் தினமும் நிமிர்த்த வேண்டும் என்றபோதுதான் இயந்திரம் தேவைப்பட்டது. அந்த இயந்திரம்தான் சுவர்க் கட்டில். கடைகளில் மர்ஃபி கட்டில் என்றும் சொல்வார்கள்.

அந்தப் பெயருக்குரிய மர்ஃபிக்கு முன்பே இதில் கைவைத்தவர்கள் உண்டு. சிகாகோவில் அறைகலன் கடை வைத்திருந்த சாரா குட், 1885இல் பகலில் எழுதுமேஜையாக மாறும் மடக்குக் கட்டிலுக்குக் காப்புரிமை வாங்கினார். அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முதல் கறுப்பினப் பெண்களில் அவரும் ஒருவர். நெருக்கடியான குடியிருப்புகளில் வசித்தவர்களுக்காகச் செய்யப்பட்டது அது. அதற்குப் பிறகு சான் பிரான்சிஸ்கோவில் வில்லியம் லாரன்ஸ் மர்ஃபி, ஒற்றை அறை வீட்டின் சுவருக்குள் கட்டிலையே நிமிர்த்தி மறைக்கும் கீலை உருவாக்கினார். படுக்கையறைக்குள் பெண்ணை அழைப்பது பண்பல்ல என்று கருதிய காலம்; தன் காதலி வரும்போது அறை வரவேற்பறையாகத் தெரியவேண்டும் என்பதற்காகவே இதைச் செய்தார் என்று ஒரு கதை உலவுகிறது. கதை எப்படியோ, கட்டில் பரவிவிட்டது. எவ்வளவு பரவியது என்றால், ‘மர்ஃபி கட்டில்’ என்பது எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமான பெயரல்ல, பொதுப்பெயர் ஆகிவிட்டது என்று 1989இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றமே சொல்லிவிட்டது.

சார்லி சாப்ளின் 1916இல் எடுத்த ‘ஒன் ஏ.எம்.’ படத்தில், போதையில் வீடு திரும்பிய ஒருவர் இப்படியொரு கட்டிலோடு மல்லுக்கட்டுவார். இறக்கினால் ஏறும், ஏற்றினால் இறங்கும். சிரிப்புக்காக எடுத்ததுதான். ஆனாலும் இந்தக் கட்டிலில் எது தவறாகப் போகக்கூடும் என்பதை அதைவிடச் சுருக்கமாக யாரும் காட்டியதில்லை. தூக்கும் விசைக்கும் கட்டிலின் எடைக்கும் கணக்குப் பொருந்தாவிட்டால் நடப்பது அதுதான்.

அந்தக் கணக்கைப் பார்த்துவிடலாம். கட்டில் தலைமாட்டுப் பக்கம் உள்ள கீலில் சுழல்கிறது. கிடக்கும்போது எடையின் மையம் கீலிலிருந்து ஏறத்தாழ 95 செ.மீ. தள்ளி இருக்கும், எனவே கீழ்நோக்கிய இழுப்பு அப்போதுதான் அதிகம். உயர உயர மையம் கீலுக்கு நேர்மேலே நகர்வதால் இழுப்பு குறையும். 60 டிகிரி ஏறியபின் பாதிதான். முழுக்க நிமிர்ந்தால் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. கிணற்றடி ஏற்றத்தில் மறுமுனையில் கட்டிய கல், சாலின் எடையைத் தாங்கிக்கொள்வதுபோல இங்கேயும் ஒன்று எதிர்த்திசையில் தள்ள வேண்டும். கல்லைக் கட்டினால் அறையில் இடம் ஏது? ஆகவே பழைய கட்டில்களில் இரும்புச் சுருள்வில்களைப் பூட்டினார்கள். இன்று பெரும்பாலும் கேஸ் ஸ்ட்ரட்.

கேஸ் ஸ்ட்ரட் நீங்கள் பார்த்த பொருள்தான். காரின் பின்கதவைத் திறந்தால் அதைத் தாங்கி நிற்கும் கறுப்புக் குழல். கடைக்காரர் ‘ஹைட்ராலிக்’ என்பார். விசையைத் தருவது உள்ளே அடைத்திருக்கும் நைட்ரஜன் வாயு. கூடவே இருக்கும் கொஞ்சம் எண்ணெய், தண்டு படாரென்று முட்டாமல் மெதுவாக்குகிறது. பிஸ்டனின் இரு பக்கமும் வாயு போய்வர வழியிருப்பதால் இருபுறமும் ஒரே அழுத்தம்தான். அப்படியானால் தண்டை வெளியே தள்ளுவது எது? பிஸ்டனின் ஒரு பக்கத்தில் தண்டு இருப்பதால், அந்தத் தண்டின் குறுக்குப் பரப்பளவுக்கு வாயு படும் இடம் குறைகிறது. அந்தச் சின்ன வித்தியாசத்தால்தான் தண்டு வெளியே வருகிறது. கட்டில் ஏறி இறங்கும் தூரம் முழுக்க விசை பெரிதாக மாறாமல் இருப்பதற்கும் இந்த அமைப்பே காரணம்.

விசை மாறாது, கட்டிலின் இழுப்போ மாறிக்கொண்டே போகிறது. இரண்டையும் பொருத்தும் சூட்சுமம் ஸ்ட்ரட்டைப் பூட்டும் இடத்தில் இருக்கிறது. கட்டில் கிடக்கும்போது ஸ்ட்ரட் கீலிலிருந்து 20 செ.மீ. விலகி நின்று தள்ளினால், நிமிரும்போது அந்த விலகலும் சுருங்கிவர வேண்டும். அப்படி அமைந்தால் எந்தக் கோணத்திலும் உங்கள் கைக்கு வரும் பாரம் சில கிலோதான்.

20 செ.மீ. எங்கே, 95 செ.மீ. எங்கே? எடையின் மையம் ஏறக்குறைய ஐந்து மடங்கு தொலைவில் இருப்பதால், 50 கிலோ கட்டிலைத் தாங்க 237 கிலோ அளவுக்குத் தள்ளல் தேவை. இரண்டு ஸ்ட்ரட் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1,160 நியூட்டன். குழலின் மேல் அச்சிட்டிருக்கும் எண் அதுதான். தண்டு 10 மில்லிமீட்டர் தடிமன் என்றால் உள்ளே இருக்கும் அழுத்தம் கார் டயரில் இருப்பதைப்போல் அறுபது மடங்குக்கும் அதிகம். அதைத் துளைக்கவோ நெருப்பருகே வைக்கவோ கூடாது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. எண்கள் 20 டிகிரி வெப்பத்தில் அளந்தவை. சித்திரை வெயிலில் அறை 40 டிகிரிக்குப் போனால் விசை சுமார் 7 சதவீதம் கூடும். கட்டில் இறங்க அன்று கொஞ்சம் அடம்பிடிக்கும்.

மெத்தையை முதலில் வாங்கிவிட்டுத்தான் ஸ்ட்ரட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது இதிலிருந்து புரிந்திருக்கும். மெத்தை போடாத வெறும் சட்டத்தை இறக்கிப் பார்த்தால் அது சாப்ளின் படத்தில் வருவதுபோல் முகத்தை நோக்கி எகிறும். நாலைந்து வருடம் கழித்து ஃபோம் மெத்தையை எடுத்துவிட்டுக் கனமான தென்னைநார் மெத்தை போட்டாலும் கணக்கு குலையும். இலவம்பஞ்சு மெத்தை இதற்குச் சரிப்படாது. நிமிர்த்தி வைத்தால் பஞ்சு முழுக்கக் கீழே இறங்கி மூட்டையாகிவிடும்.

சிக்கனம் எங்கே செய்யலாம்? கீலும் ஸ்ட்ரட்டும் அடங்கிய செட் தனியாகவே விற்கிறது. பெட்டியை உள்ளூர்த் தச்சரிடம் செய்துகொண்டால் செலவு நன்றாகக் குறையும். ஆனால் ஒவ்வொரு ஸ்ட்ரட்டின் நூறு கிலோவுக்கும் மேலான தள்ளலை வாங்குவது பெட்டியின் பக்கப் பலகையில் இருக்கும் நாலைந்து ஸ்க்ரூக்கள். மரத்தூளை ஒட்டி அழுத்திய பார்ட்டிகிள் போர்டில் ஸ்க்ரூவின் பிடி பலவீனம். ஈரம் பட்டால் பலகை உப்பி, இருக்கிற பிடியும் போகும். 18 மில்லிமீட்டர் பிளைவுட், அதுவும் ஐ.எஸ். 303 முத்திரையுள்ளது, பக்கப் பலகைகளுக்கு அவசியம். முன்பக்க அலங்காரப் பலகைக்கு மலிவானது போதும். நான் பார்த்தவரை பலரும் நேர்மாறாகச் செய்கிறார்கள்: கண்ணில் படும் முகப்புக்குத் தேக்கு, கண்ணில் படாத பக்கத்துக்குத் தூள்பலகை.

அடுத்தது சுவர். கட்டிலை இறக்கும்போது பெட்டி முன்பக்கம் சாயப் பார்க்கும். சுவரில் போல்ட் போடாமல் இதை நிறுத்தவே கூடாது. செங்கல் சுவரில் போல்ட் பூச்சைத் தாண்டிக் கல்லுக்குள் இறங்கியிருக்க வேண்டும். புது அடுக்குமாடிகளில் வரும் லேசான ஏ.ஏ.சி. பிளாக் சுவர் என்றால் சாதாரண விரியும் போல்ட் கல்லையே உடைத்துவிடும். அதற்கென்றே உள்ள ஆங்கர்களைக் கேட்டு வாங்க வேண்டும்.

அளவெடுக்கும்போது எல்லாருக்கும் மின்விசிறி பயம் வருகிறது. அது வீண். அறையின் நடுவே வரும்போது கட்டிலின் கால்மாடு ஆளின் தோளுயரத்தில்தான் இருக்கும். மாட்டிக்கொள்வது லாஃப்டில். நம் வீடுகளில் ஏழடி உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பலகைக்கு அடியில் நிமிர்ந்த கட்டிலின் உச்சி இடிக்கும். லாஃப்ட் இருக்கும் சுவரை விட்டுவிடுங்கள், அல்லது பக்கவாட்டில் மடங்கும் கட்டிலைப் பாருங்கள். ஒருவர் படுக்கும் மூன்றடி அகலக் கட்டில் அப்படி மடங்கினால் நான்கடி உயரத்துக்குள் அடங்கிவிடும். பெட்டியின் தலையில் புத்தக அலமாரி வரும். ரயில்பெட்டி மாதிரி நீண்டு ஒடுங்கிய அறைக்கும் இதுவே தோது. சுவிட்ச் பெட்டியும் பிளக்கும் பின்னால் மறைந்துவிடாமலும் பார்க்க வேண்டும்.

இரட்டைக் கட்டிலின் பெட்டி ஒன்றரை அடி ஆழம்தான். தரையில் எட்டு சதுர அடி போதும். மீதமாகும் 23 சதுர அடியில் சோபாவைக் கொண்டுவந்து போட்டால் செய்த செலவு வீண். இரவில் அதை யார் நகர்த்துவது? ஒரு கையால் தள்ளக்கூடிய பிரம்பு நாற்காலி, மடக்கு மேஜை, இவைதான் அங்கே இருக்கலாம். தினமும் காலையில் போர்வை மடிக்கும் பழக்கம் இல்லாதவர்களுக்கு இந்தக் கட்டில் ஒரே மாதத்தில் நிரந்தரமாகக் கீழேயே கிடக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வாடகை வீட்டுக்காரர் சுவரில் துளைபோட விடமாட்டார் என்றால் இது உங்களுக்கானதல்ல. இரும்புக் குழாயில் நாடா பின்னிய மடக்குக் கட்டிலும் மூன்றங்குல ஃபோமும் வாங்கிக்கொள்ளலாம். வீடு மாறும்போது கூடவே வரும்.

சொந்த வீட்டில் பொருத்தியவர்கள் கவனிக்க வேண்டியது ஸ்ட்ரட்டின் ஆயுள். வாயு பல வருடங்களில் மெல்லக் கசியும். கட்டில் நிதானமாக இறங்குவதை விட்டுக் கையை இழுத்துக்கொண்டு விழத் தொடங்கினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. கெட்டது ஒன்றுதானே என்று ஒன்றை மட்டும் மாற்றினால் ஒரு பக்கம் முந்தி ஏறி, கட்டில் கோணிக்கொள்ளும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், அதுவும் கட்டிலை நிமிர்த்தி வைத்துக்கொண்டு.