வீட்டில் ஓடுகிற டிவி, வெளிநாட்டில் தெரிந்த கதை

பிளேக், ஜேசன் கிரிக்கோரியன் என்ற அமெரிக்கச் சகோதரர்களுக்கு ஒரு குறை. வெளியூர் போனால் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணியின் பேஸ்பால் ஆட்டத்தைப் பார்க்க முடியவில்லை. கேபிளுக்குப் பணம் கட்டுகிறார்கள். படமோ வீட்டோடு நின்றுவிடுகிறது. அந்தக் குறை தீர அவர்கள் செய்து 2005-ல் விற்பனைக்கு வந்த பெட்டிதான் ஸ்லிங்பாக்ஸ். வெளியூர்ப் பயணத்துக்கென்று பிறந்தது, கடல் தாண்டி வாழ்பவர்களுக்கும் ஊர் டிவியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

வீட்டு செட்டாப் பாக்ஸிலிருந்து படத்தையும் ஒலியையும் வாங்கிச் சுருக்கி, பிராட்பேண்டில் அனுப்புவது அதன் வேலை. தூரத்தில் இருப்பவர் கணினியில் பார்ப்பார். சேனலையும் அங்கிருந்தே மாற்றலாம். பெட்டியிலிருந்து வரும் ஒரு வயரின் நுனி, செட்டாப் பாக்ஸுக்கு முன்னால் நின்று ரிமோட்டைப் போலவே அகச்சிவப்பு ஒளியை வீசும். வீட்டில் இருப்பது ஒரே செட்டாப் பாக்ஸ் என்றால், அங்கே மகன் கிரிக்கெட்டுக்கு மாற்றினால் இங்கே அம்மா பார்த்துக்கொண்டிருந்த சீரியலும் மாறிவிடும்.

படம் திக்கினால் பார்ப்பவர் தன் இணைப்பைத்தான் சந்தேகிப்பார். கோளாறு பெரும்பாலும் ஊர்ப் பக்கம். தொலைபேசிக் கம்பியில் வந்த ஏடிஎஸ்எல் பிராட்பேண்டில் டவுன்லோடுக்கு அகலப் பாதை, அப்லோடுக்கு ஒற்றையடிப் பாதை. தொடக்க காலத் தரத்தில் இறங்கும் வேகம் 8 எம்பிபிஎஸ் வரை போனாலும், ஏறும் வேகம் 1 எம்பிபிஎஸ் அளவில் நின்றுவிடும். இந்தியாவின் 2004 கொள்கைப்படி 256 கேபிபிஎஸ் டவுன்லோடு இருந்தாலே அன்று அது பிராட்பேண்ட். அதைவிடக் குறுகிய அப்லோடில் ஒரு முழுச் சேனலை வெளியே அனுப்புவது பெரும்பாடு.

ஃபைபர் வந்து அந்தத் தடை போனது. சேனல்களே செயலி தொடங்கியதால் பெட்டிக்கும் வேலை குறைந்தது. 2022 நவம்பர் 9-ல் ஸ்லிங்பாக்ஸின் சர்வர்கள் நிறுத்தப்பட்டன.

இப்போதைய தடை உரிமம். ஒளிபரப்பு உரிமை நாடு நாடாக விற்கப்படுகிறது. நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதை ஐபி முகவரி காட்டிக்கொடுத்துவிடும். ஐரோப்பிய ஒன்றியம் இதைக் கொஞ்சம் தளர்த்தியது: சொந்த நாட்டில் கட்டிய சந்தாவை ஒன்றியத்தின் மற்ற நாடுகளிலும் பயன்படுத்தலாம் என்ற விதி 2018 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆனால் அது தற்காலிகமாகப் போனவருக்கு மட்டும். குடிபெயர்ந்தவருக்கு இல்லை, ஊர் டிவிக்கு அதிகம் ஏங்குவது அவர்தானே! காசு கையில் வைத்திருப்பவரிடம் ‘உங்கள் நாட்டில் கிடைக்காது’ என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அந்த இடத்தில்தான் உரிமமில்லாமல் இணையம் வழியே சேனல் விற்கும் ஐபிடிவி பெட்டிக்காரர்கள் நுழைகிறார்கள். அவர்கள் வாங்கும் சந்தாவில் சேனலுக்கு ஒரு காசும் போகாது. ஒருநாள் படம் நின்றுபோனால் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்க ஆளும் இருக்காது.