கடல் வழி அறுந்தது, வான் வழி திறந்தது

கையில் இருக்கும்போது அருமை தெரியாதவை உலகில் பல உண்டு. அவற்றுள் ஒன்று செய்தித் தொடர்பு. கைப்பேசியை எடுத்தால் கடல் கடந்து வாழும் அத்தையின் குரல் கேட்கிறது. மாமா அனுப்பிய பணம் வங்கிக்கு வந்து சேர்கிறது. இவையெல்லாம் எவ்வழியே வருகின்றன என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு நாடு முழுவதும் ஒரே மாலைப் பொழுதில் வாயடைத்துப் போனால் என்ன ஆகும்? அவ்வாறு வாயடைத்துப் போன ஒரு சின்னஞ்சிறு நாடு, பாடம் நடத்துவதற்கென வைத்திருந்த ஒரு டிஷ் ஆன்டெனாவைப் பகிர்ந்துகொண்டு மீண்டும் பேசத் தொடங்கிய வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம்.

ஒற்றை இழையில் ஒரு நாடு

பசிபிக் பெருங்கடலின் தென்பகுதியில், பிஜித் தீவுகளுக்குக் கிழக்கே டோங்கா என்னும் முடியரசு உள்ளது. ஏறத்தாழ 170 தீவுகளைக் கொண்ட அந்நாட்டில் மக்கள் வாழும் தீவுகள் 36 மட்டுமே. மொத்த மக்கள் தொகை ஒரு இலட்சம் அளவுதான். தலைநகர் நூக்குவாலோபா. டோங்கா மக்களுள் பெரும் பகுதியினர் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா ஆகிய நாடுகளில் உழைக்கின்றனர். அவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம், நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானது என்றால், வெளியுலகத் தொடர்பு அவர்களுக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பது விளங்கும்.

இத்தொடர்பு முழுவதையும் தாங்கி நின்றது, பிஜியிலிருந்து கடலடியில் போடப்பட்ட 827 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு கண்ணாடி இழைக் கம்பிவடம். 2013ஆம் ஆண்டில் அது செயல்படத் தொடங்கியது. 2019 ஜனவரியில் ஒருமுறை அது அறுந்து, ஏறக்குறைய இரண்டு வாரங்கள் நாடு திண்டாடியது. ஆயினும் அதைவிடப் பெரிய சோதனை பின்னால் காத்திருந்தது.

எரிமலை வெடித்தது

2022ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் மாலை, தலைநகருக்கு வடக்கே சுமார் 65 கிலோமீட்டர் தொலைவில் இருந்த ஹுங்கா டோங்கா–ஹுங்கா ஹாபாய் என்னும் கடலடி எரிமலை வெடித்தது. அதன் புகைத்தூண் 57 கிலோமீட்டர் உயரம் வரை எழுந்தது. வெடியோசை ஏறத்தாழ 10,000 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள அலாஸ்காவிலும் கேட்டதாம்! தொடர்ந்து சுனாமி எழுந்தது. 2004 டிசம்பருக்குப் பிறகு அச்சொல்லின் பொருளை நம் தமிழகக் கடற்கரை மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மாங்கோ என்னும் சிறு தீவில் ஒரு வீடு கூட மிஞ்சவில்லை.

வெடிப்பில் எழுந்த பாறைத் துகளும் சாம்பலும் மீண்டும் கடலில் விழுந்து, நீருக்கடியில் மணிக்கு 122 கிலோமீட்டர் வரையிலான வேகத்தில் பாய்ந்தன என்று பின்னர் ஆராய்ந்தோர் கணித்துள்ளனர். அந்த வெள்ளம் வெளிநாட்டுக் கம்பிவடத்தில் 89 கிலோமீட்டரையும், உள்நாட்டுத் தீவுகளை இணைத்த கம்பிவடத்தில் 105 கிலோமீட்டரையும் சிதைத்தது. ஒரு இலட்சம் மக்கள் உயிரோடு இருக்கிறார்களா, இல்லையா என்பது கூட வெளியில் இருந்த அவர்தம் உறவினருக்குத் தெரியவில்லை. ஆக்லாந்திலும் சிட்னியிலும் இருந்தவர்கள் எண்ணை அழுத்தி அழுத்திப் பார்த்தனர், பதில் இல்லை.

பாடம் நடத்திய ஆன்டெனா

அந்நிலையில் கைகொடுத்தது எது தெரியுமா? ஒரு பல்கலைக்கழகம்! தென் பசிபிக் பல்கலைக்கழகம் 1968இல் தொடங்கப்பட்டது. தலைமை வளாகம் பிஜியின் சூவா நகரில் உள்ளது. பன்னிரண்டு தீவு நாடுகள் அதைக் கூட்டாக நடத்துகின்றன. தீவுக்குத் தீவு மாணவர் பயணம் செய்வது எளிதன்று. ஆகவே 1970களிலேயே அமெரிக்காவின் ஏ.டி.எஸ்-1 என்னும் சோதனைச் செயற்கைக்கோள் வழியாகத் தன் வளாகங்களை இணைத்து அது பாடம் நடத்தத் தொடங்கியது. (அதே வரிசையைச் சேர்ந்த ஏ.டி.எஸ்-6தான் 1975-76இல் நம் இந்தியாவின் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சிக் கல்வி அளித்தது.) இந்தப் பழக்கத்தின் பயனாக, டோங்கா வளாகத்திலும் ஒரு டிஷ் ஆன்டெனா இருந்தது.

வெடிப்பு நிகழ்ந்த நான்காம் நாள், அதாவது ஜனவரி 19 அன்று, டிஜிசெல் என்னும் கைப்பேசி நிறுவனம் அப்பல்கலைக்கழகத்தின் டிஷ் வழியாகத் தலைமைத் தீவில் ஓரளவு தொடர்பை மீட்டது. அது பழைய இரண்டாம் தலைமுறைத் தொடர்புதான். படம் பார்க்க உதவாது. ஆனால் 'நாங்கள் நலம்' என்று சொல்லப் போதுமானதாய் இருந்தது. நான்கு நாள் மௌனத்துக்குப் பின் அந்த இரண்டு சொற்களுக்கு ஈடாக எதைக் கூற முடியும்?

விண்வழிச் செய்தி செல்வது எப்படி?

நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிறுத்தப்படும் செயற்கைக்கோள், பூமி தன்னைத்தானே சுற்றும் அதே வேகத்தில் சுற்றுவதால், ஓரிடத்திலேயே நிற்பது போலத் தோன்றும். தரையிலுள்ள டிஷ் அதை நோக்கி வானொலி அலைகளை அனுப்புகிறது. செயற்கைக்கோள் அவற்றை வாங்கி, வலிமையூட்டி, வேறொரு நாட்டிலுள்ள பெரிய தரை நிலையத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. அங்கிருந்து செய்தி உலக இணையத்தில் கலக்கிறது. ஒளியின் வேகத்தில் சென்றாலும், மேலே போய்க் கீழே வர ஏறத்தாழ கால் வினாடி ஆகும். நாம் பேசி, மறுமொழி வர அரை வினாடி. விண்வழித் தொலைபேசியில் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிவிடுவது இதனால்தான்.

நம் வீட்டு மொட்டைமாடி டிஷ் தெற்கு அல்லது தென்கிழக்குப் பக்கமாகச் சாய்ந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். டோங்கா நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருப்பதால் அங்கே டிஷ் வடக்குப் பக்கம் நோக்கும். குறி தவறக் கூடாது. ஒரே ஒரு பாகை தவறினாலும், செயற்கைக்கோள் இருக்கும் தொலைவில் அது 600 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பிழையாகிவிடும்! ஆகவே காற்றிலும் நிலநடுக்கத்திலும் அசையாத அடித்தளம் முதல் தேவை. மரமோ கட்டடமோ மறைக்காத வானம் இரண்டாவது தேவை. தடையில்லா மின்சாரம் மூன்றாவது தேவை.

எரிமலை நாட்டில் இம்மூன்றுக்கும் பகையாக வந்து நிற்பது சாம்பல். எரிமலைச் சாம்பல் நம் அடுப்புச் சாம்பலைப் போன்றதன்று; மிக நுண்ணிய பாறைத் துகளும் கண்ணாடித் துகளும் கலந்தது. அது நீரில் கரையாது. ஈரமானால் கனத்து, மின்சாரத்தைக் கடத்தும். கம்பி இணைப்புகளில் படிந்தால் மின்கசிவு உண்டாகும். டிஷ்ஷின் மேல் படிந்தால் அலைகள் வலுவிழக்கும். துணியால் அழுத்தித் துடைத்தால் கீறல் விழும். ஜெனரேட்டரின் காற்று வடிகட்டி அடைத்துக்கொள்ளும். ஆகவே மூக்கையும் கண்ணையும் காத்துக்கொண்டு, மென்மையான தூரிகையால் நாள்தோறும் சாம்பலை அகற்ற வேண்டும்.

டோங்காவின் விமான ஓடுதளத்தையும் இதே சாம்பல் மூடியிருந்தது. நூற்றுக்கணக்கானோர் மண்வெட்டியும் துடைப்பமும் கொண்டு அதை அகற்றிய பிறகே, ஜனவரி 20 அன்று முதல் உதவி விமானங்கள் இறங்கின. அப்போது அந்நாட்டினுள் கொரோனா பரவியிருக்கவில்லை. நோய் உள்ளே வராதபடி, உதவிப் பொருள்களைக் கூட ஆளோடு ஆள் நெருங்காத முறையில் இறக்கி வைத்தனர். வெளியிலிருந்து வல்லுநர் கூட்டம் வந்திறங்கும் வாய்ப்பு இல்லாத நிலையில், உள்ளூர்ப் பணியாளரின் உழைப்பே நாட்டைத் தாங்கியது.

பகிர்ந்துகொள்ளும் கணக்கு

கருவியை நிறுவுவது பாதி வேலைதான். கிடைத்த சிறிதளவு இணைப்பைப் பலர் பகிர்ந்துகொள்வது மறுபாதி. இதனை ஓர் எளிய கணக்கால் விளக்குவோம். ஒரு விண்வழி இணைப்பு வினாடிக்கு இரண்டு மெகாபிட், அதாவது 2,000 கிலோபிட் சுமக்கும் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணக் கைப்பேசி உரையாடல் ஒன்றுக்குச் சுமார் 13 கிலோபிட் போதும். எனவே ஏறக்குறைய 150 பேர் ஒரே நேரத்தில் பேசலாம். குறுஞ்செய்தியானால் இன்னும் பல மடங்கு. ஆனால் சுமாரான தெளிவில் ஒரே ஒருவர் திரைப்படம் பார்த்தால், அந்த இரண்டு மெகாபிட்டையும் அவர் ஒருவரே விழுங்கிவிடுவார். ஒருவரின் பொழுதுபோக்கு, 150 குடும்பங்களின் கண்ணீரைத் துடைக்கும் குரலை அடைத்துவிடக் கூடும்!

இதனால்தான் இத்தகைய இடங்களில் பொது இணைப்பை நடத்துவோர் ஒழுங்கு வகுக்கின்றனர். மருத்துவமனை, வானிலை எச்சரிக்கை, மீட்புப் பணி ஆகியவற்றுக்கு முதலிடம் தருகின்றனர். குரலுக்கும் குறுஞ்செய்திக்கும் வழிவிட்டுப் படங்களை நிறுத்தி வைக்கின்றனர். ஐக்கிய நாடுகளின் உலக உணவுத் திட்டம் தலைமை தாங்கும் அவசரகாலத் தொலைத்தொடர்புக் குழு, போரும் புயலும் தாக்கிய பல இடங்களில் இவ்வாறே ஒரு பொது இணைப்பை நிறுவி, பல தொண்டு நிறுவனங்கள் அதைப் பகிர்ந்துகொள்ளச் செய்கிறது. ஆளுக்கொரு டிஷ் கொண்டு வருவதினும் பொதுவில் ஒன்றை நன்கு பேணுவது சிறந்தது என்பது அவர்கள் கண்ட உண்மை.

பின்னர் நடந்தவை

2022 பிப்ரவரியில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம், ஒதுக்குப்புறத் தீவுகளுக்கென 50 ஸ்டார்லிங்க் கருவிகளை டோங்காவுக்கு இலவசமாக அளித்தது. இவ்வகைச் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றுவதால், மறுமொழி வரும் தாமதம் மிகக் குறைவு. ஆனால் அவை ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒன்று மறைய மற்றொன்று வரவேண்டும். அதனால் பல்லாயிரம் தேவைப்படுகின்றன. பாப்புவா நியூகினியிலிருந்து வந்த பழுதுபார்க்கும் கப்பல் பிப்ரவரி 22 அன்று வெளிநாட்டுக் கம்பிவடத்தைச் சீர்செய்தது. மொத்தம் 38 நாள்கள்! வவாவு, ஹாபாய் தீவுக் கூட்டங்களுக்குச் செல்லும் உள்நாட்டுக் கம்பிவடம் சீராக ஓராண்டுக்கும் மேல் ஆயிற்று. அதுவரை அத்தீவுகள் விண்வழியையே நம்பியிருந்தன.

ஒற்றை வழியை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து என்பது இதிலிருந்து தெளிவாகிறது. கம்பிவடம் வேகமானது, ஆனால் அறுபடக்கூடியது. விண்வழி குறுகியது, ஆனால் கடலடிப் பேரிடர் அதனை எட்டாது. இரண்டும் இருந்தால்தான் நாடு பாதுகாப்பாக இருக்கும். அதனோடு, அமைதியான காலத்தில் கல்விக்கென நிறுவிய ஒரு கருவி ஆபத்துக் காலத்தில் ஒரு நாட்டுக்கே குரல் கொடுத்தது என்பதையும் நாம் மறக்கலாகாது. அன்று அந்த ஆன்டெனாவை நிறுவியவர்கள் இப்படியொரு நாள் வருமென எண்ணியிருக்க மாட்டார்கள். பாடம் நன்றாக நடக்க வேண்டும் என்றே எண்ணியிருப்பார்கள்.

தோழியரே! நம்முள் சிலர் நாளை பொறியியலும் இயற்பியலும் கற்கப் போகிறோம். கருவியை இயக்கக் கற்பதோடு, இருப்பதைப் பகுத்து அளிக்கவும் கற்போம். வழி குறுகியதாய் இருக்கும்போது, நம்மைவிட அவசரத் தேவை உள்ளவருக்கு முதலில் இடம்விடுவோம்.