'வித்' என்னும் சொல்லும் தமிழ் வேற்றுமையும்

ஆனேக்கல் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர். அத்திப்பள்ளியைக் கடந்தால் ஓசூர். இங்குப் பயிலும் மாணவர் பலர் வீட்டில் தமிழும், கடைத்தெருவில் கன்னடமும், வகுப்பில் ஆங்கிலமும் பேசுகின்றனர். மொழி மாறும்போது அவர்கள் பெரிதும் தடுமாறுவது சிறு சொற்களிலேதான். 'வித்' அவற்றுள் ஒன்று.

ஆங்கிலத்தில் இது பெயருக்கு முன் நிற்கும். தமிழிலோ இதன் பணியைப் பெயருக்குப் பின் வரும் உருபுகள் செய்கின்றன. 'கட் வித் எ நைஃப்' என்பது 'கத்தியால் வெட்டு'. 'கம் வித் அம்மா' என்பது 'அம்மாவுடன் வா'. முன்னது கருவிப்பொருள், பின்னது உடனிகழ்ச்சிப்பொருள். நன்னூல் இவ்விரண்டையும் மூன்றாம் வேற்றுமையிலேயே அடக்குகிறது. ஆல், ஆன், ஒடு, ஓடு என்பன அதன் உருபுகள், 'உடன்' சொல்லுருபு. வேற்றுமை ஒன்றாயினும் இன்றைய வழக்கில் ஓர் உருபின் இடத்தில் மற்றொன்றை இடுதல் கூடாது. 'தம்பி அண்ணனுடன் அடிபட்டான்' எனின் இருவருக்கும் அடி. 'தம்பி அண்ணனால் அடிபட்டான்' எனின் பழி முழுவதும் அண்ணன்மேல் விழும்!

'ஃபாட் வித் ஹிஸ் பிரதர்' என்னும் ஆங்கிலத் தொடர் இருபொருள் தரும்: அண்ணனை எதிர்த்தான், அண்ணனுக்குத் துணைநின்றான். 'அண்ணனுடன் சண்டையிட்டான்' என்று தமிழில் எழுதினால் எதிர்த்தான் என்றே கொள்வர். துணைநின்றதைக் குறிக்க 'அண்ணனுடன் சேர்ந்து' என எழுதுதல் வேண்டும்.

எல்லா 'வித்'தும் மூன்றாம் வேற்றுமை ஆகாது. 'ஐ ஹேவ் நோ மனி வித் மீ' என்பது 'என்னிடம் பணம் இல்லை' என்றாகும். இதனைப் பேச்சுத்தமிழில் 'என்கிட்ட' என்றும், கன்னடத்தில் 'நன்ன ஹத்திர' என்றும் கூறுவர். 'கிட்ட', 'ஹத்திர' இரண்டும் 'அருகில்' எனவும் பொருள்படும். அதனை எண்ணி 'என் அருகில் பணம் இல்லை' என எழுதினால், பணம் சற்றுத் தொலைவில் கிடப்பதாகப் பொருள் மாறிவிடும்.

கோபத்தைக் குறிக்கும்போது தடுமாற்றம் எதிர்த்திசையில் நிகழ்கிறது. தமிழில் 'என்மேல் கோபம்'. கன்னடத்திலும் 'நன்ன மேலெ கோப'. இப்பழக்கத்தால் மாணவர் ஆங்கிலத்தில் 'ஆங்ரி ஆன் மீ' என எழுதிவிடுகின்றனர். 'ஆங்ரி வித் மீ' என்பதே ஆங்கில மரபு. திருமணத்திற்கோ 'வித்' பொருந்தாது. 'மேரீட் டு' என்றே எழுதுதல் வேண்டும்.

பயிற்சி: உரிய உருபை இணைத்து எழுதுக.

1. அவள் தோழி ______ முத்யாலமடுவு அருவிக்குச் சென்றாள்.
2. வகுப்பறைச் சாவி யார் ______ உள்ளது?
3. பாட்டி துணி ______ மேசையைத் துடைத்தார்.
4. 'கோலுடன் பாம்பை அடித்தார்' – இத்தொடரைத் திருத்துக. திருத்தாவிடில் அடிபடுவது எவை எனக் கூறுக.